காந்தமின் அளவீடு பிசகும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காந்தப்புலத்தில் வைத்தால் மின்முனைவாக்கம் பெறும், அதாவது ஒரு முகத்தில் நேர் மின்னூட்டமும் மறுமுகத்தில் எதிர் மின்னூட்டமும் சேரும் படிகங்கள் உண்டு. மின்புலத்தில் வைத்தால் காந்தமாகும் குணமும் அவற்றுக்கே உண்டு. இப்படி ஒரு காந்தமின் விளைவு இருக்கக்கூடும் என்பதை 1894-இல் பியேர் கியூரி சமச்சீரை மட்டும் வைத்தே ஊகித்தார். குரோமியம் ஆக்சைடில் அது இருந்தே தீர வேண்டும் என்று 1959-இல் ஜியாலோஷின்ஸ்கி எழுதினார். அடுத்த ஆண்டே ஆஸ்த்ரோவ் அதை அளந்துவிட்டார். சமச்சீரில் பிறந்த விளைவு இது. இதன் அளவீட்டில் நேரும் பிழைகளைப் பிடிப்பதற்கும் சமச்சீரை விடச் சிறந்த கருவி இல்லை என்பது என் உறுதியான கருத்து. எதைத் திருப்பினால் எது திரும்புகிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கோலாலம்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் குறை வெப்பநிலை அளவீடுகளைக் கவனித்துக்கொள்கிறேன். "அண்ணா, கிராஃபில் ஏதோ வருகிறது, ஆனால் அது படிகத்திலிருந்துதான் வருகிறதா என்று தெரியவில்லை" என்று மாணவர்கள் வந்து நிற்பார்கள். அந்தச் சந்தேகம் நல்ல சந்தேகம். அவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் அறிகுறிகளையே இங்கே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேரே போகலாம், ஆனால் முதலில் அளவுகளை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2 மில்லிமீட்டர் நீளமும் அகலமும், அரை மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள குரோமியம் ஆக்சைடுத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கிய அச்சுவழிக் காந்தமின் கெழு 260 கெல்வின் அருகே உச்சத்தைத் தொடுகிறது. அங்கே அதன் மதிப்பு மீட்டருக்குச் சுமார் 4 பிகோவிநாடி. ஒரு டெஸ்லா முழுவதையும் கொடுத்தால் தகட்டின் முகத்தில் சேரும் மின்னூட்டம் 13 பிகோகூலும். விநாடிக்கு 0.01 டெஸ்லா வேகத்தில் புலத்தை ஏற்றினால் மின்னோட்டம் 0.13 பிகோஆம்பியர். கேபிளை லேசாக வளைத்தாலே இதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் வரும். ஆகவே எதுவும் வரவில்லை என்பதைவிட, பெரிதாக ஏதோ வருகிறது என்பதற்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

எல்லா வெப்பநிலையிலும் பெரிய சிக்னல். அதிர்வெண்ணைக் கூட்டினால் அதுவும் கூடுகிறது

சிறிய சுருளால் மாறுதிசைக் காந்தப்புலம் கொடுத்து, லாக்-இன் பெருக்கியால் (கொடுத்த அதிர்வெண்ணில் வரும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) மின்னழுத்தத்தைப் படிப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இதைச் சந்திப்பார்கள். படிகத்தின் காந்த ஒழுங்கு குலைந்துபோகும் நீல் வெப்பநிலைக்கு மேலே போனாலும் சிக்னல் அப்படியே நிற்கிறது என்றால் அது படிகத்தின் சிக்னல் அல்ல, ஃபாரடேயின் தூண்டல்.

தூண்டல் இரண்டு இடங்களில் நுழைகிறது. முதலாவது, தகட்டின் இரு முகங்களிலிருந்து கிளம்பும் மெல்லிய கம்பிகள் கேபிளைச் சேருமுன் அடைக்கும் பரப்பு. ஒரு சதுர சென்டிமீட்டர் வளையம், ஒரு மில்லிடெஸ்லா, 1000 ஹெர்ட்ஸ் என்றால் அதில் 0.6 மில்லிவோல்ட் தூண்டப்படும். இந்த மின்னழுத்தம் படிகத்தோடு தொடராக நிற்கிறது. அதே புலத்தில் நம் தகடு திறந்த சுற்றில் 15 மில்லிவோல்ட் தரும் என்பதால் இந்தப் பிழை நூற்றுக்கு நான்கு பங்குதான். கெழு உச்சத்தில் இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளலாம். கெழு சிறுத்துப்போகும் குறை வெப்பநிலையில் இதுவே கெழுவை மறைத்துவிடும்.

இரண்டாவது இடம் இன்னும் கெட்டது. கேபிளின் வெளி உறையை கிரையோஸ்டாட்டிலும் (படிகத்தைக் குளிரில் வைத்திருக்கும் கலம்) எர்த் செய்து, லாக்-இன் பெட்டியிலும் எர்த் செய்திருந்தால், அந்த இரு எர்த்துகளுக்கும் இடையே பெரிய வளையம் ஒன்று உருவாகிவிடுகிறது. அந்த வளையம் 100 சதுர சென்டிமீட்டர் என்றும், அதன் ஊடே சுருளின் கசிவுப்புலம் வெறும் 0.01 மில்லிடெஸ்லா என்றும் வைத்துக்கொண்டாலும் அதே 0.6 மில்லிவோல்ட் வந்துவிடும். ஆனால் படிகத்தின் 15 மில்லிவோல்ட் முழுதாகப் பெருக்கிக்கு வந்து சேர்வதில்லை. தகட்டின் மின்தேக்குத்திறன் ஒரு பிகோஃபாரடுக்கும் குறைவு. இரண்டு மீட்டர் கேபிளுக்கோ 200 பிகோஃபாரட். மின்னூட்டம் கேபிளில் பரவிக் கரைந்த பிறகு மிஞ்சுவது சுமார் 65 மைக்ரோவோல்ட். உறையில் தூண்டப்பட்டது இதைப்போல் பத்து மடங்கு.

சோதிக்கும் முறை எளிது. அதிர்வெண்ணைப் பாதியாக்குங்கள். படிகத்தின் மின்காப்பு நன்றாக இருக்கும் வரையில் காந்தமின் மின்னழுத்தம் அதிர்வெண்ணைச் சாராது, தூண்டலோ பாதியாகும். கட்டத்தையும் பாருங்கள். காந்தமின் மின்னழுத்தம் புலத்தோடு ஒரே கட்டத்தில் நிற்கும். தூண்டல் 90 டிகிரி விலகி நிற்கும். அடுத்து, தகட்டின் மேல்முகக் கம்பியையும் கீழ்முகக் கம்பியையும் படிகத்திலேயே மாற்றி ஒட்டுங்கள். படிகத்தின் சிக்னல் குறி மாறும், தூண்டல் மாறாது. கடைசியாக, நுண்ணோக்கியின் மூடுகண்ணாடியில் அதே அளவுத் துண்டு வெட்டி, அதே வெள்ளிப் பசையும் அதே கம்பியும் வைத்து அளந்து பாருங்கள். கண்ணாடி தருவது எதுவாயினும் அது படிகத்துக்குச் சொந்தமில்லை. கண்ணாடித் துண்டு ஒன்றை நிரந்தரமாகவே தயாராக வைத்திருக்கும்படி எல்லா மாணவர்களிடமும் சொல்கிறேன்.

இனி நீக்குவதைப் பார்ப்போம். எர்த் ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். படிகத்திலிருந்து கிளம்பும் இரு கம்பிகளையும் முதல் மில்லிமீட்டரிலிருந்தே இறுக்கமாக முறுக்குங்கள். முறுக்க முடியாத கடைசித் துண்டின் தளம் காந்தப்புலத்துக்கு இணையாகப் படுத்திருக்கட்டும். புலக்கோடு அதை ஊடுருவக் கூடாது. வெள்ளிப் பசை காய்ந்த பிறகு கம்பியை நகர்த்த முடியாது என்பதால், பசை வைக்கும்போதே உருப்பெருக்கியின் கீழ் இதைச் சரிபார்க்க வேண்டும்.

இதன் கூடவே வரும் சிக்கல் ஒன்று பலரையும் ஏமாற்றுகிறது. படிகத்தைச் செம்புத் தாங்கியில் வைத்திருக்கிறீர்களா? 1000 ஹெர்ட்ஸில் மாறுதிசைப் புலம் அறை வெப்பநிலைச் செம்புக்குள் 2 மில்லிமீட்டர் ஆழம்வரை நுழைகிறது. 4 கெல்வினில் தூய செம்பின் மின்தடை நூறில் ஒரு பங்காகச் சரிந்துவிடுவதால் அந்த ஆழம் 0.2 மில்லிமீட்டராகக் குறைந்துபோகிறது. சுழல் மின்னோட்டங்கள் பெருகி, படிகம் இருக்கும் இடத்தில் புலத்தின் அளவும் கட்டமும் மாறிவிடும். லாக்-இன் கட்டத்தை அறை வெப்பநிலையில் சரிசெய்துவிட்டு இறங்கினால், செம்பின் மின்தடை மாற்றத்தைத்தான் படிகத்தின் வெப்பநிலைச் சார்பு என்று எழுதுவீர்கள். தாங்கி நீலக்கல்லாகவோ கண்ணாடியிழைப் பலகையாகவோ இருக்கட்டும். செம்புதான் வேண்டும் என்றால் அதை நீளவாக்கில் அறுத்து வளையப் பாதையைத் துண்டியுங்கள். எப்படியானாலும் படிகத்தின் பக்கத்தில் சில சுற்றுச் சிறு சுருள் ஒன்றை வைத்து, அங்கேயே புலத்தை ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளந்துகொள்வது நல்லது.

நல்ல படிகம், நல்ல இணைப்பு. ஆனால் சிக்னலே இல்லை, அல்லது ஒவ்வொரு முறையும் வேறு அளவு

குரோமியம் ஆக்சைடு போன்ற எதிர்ஃபெர்ரோ காந்தப் படிகத்தில் அணுக்களின் நுண்காந்தங்கள் (சுழற்சிகள்) ஒன்றுக்கொன்று எதிராக அடுங்கி நிற்கும். அந்த அடுக்கு ஒரே மாதிரி இருக்கும் பகுதிதான் களம், அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் சுழற்சிகளை எல்லாம் தலைகீழாக்கினால் மற்றது. இரண்டுக்கும் காந்தமின் கெழு அளவில் ஒன்றுதான், குறிதான் எதிரெதிர். படிகத்தைச் சும்மா குளிர்வித்தால் இரண்டும் கலந்து பிறக்கும், சிக்னல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது அன்றைய தற்செயல்.

ஒற்றைக் களமாக்க மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் சேர்த்தே கொடுத்து, நீல் வெப்பநிலையைத் தாண்டிக் குளிர்விக்க வேண்டும். இதைத்தான் பதப்படுத்துவது என்கிறோம். ஒன்றைக் கொடுத்து மற்றதை விட்டால் பயனில்லை. களத்தைத் தேர்ந்தெடுப்பது இரண்டின் பெருக்கல்தான். அரை மில்லிமீட்டர் தகட்டுக்குச் சில நூறு வோல்ட்டும் ஒரு டெஸ்லாவும் நல்ல தொடக்கம். 320 கெல்வினில் தொடங்கி 290 கெல்வின் வரை இறக்கிய பிறகு மின்னழுத்தத்தை எடுத்துவிட்டு, இரு முகங்களையும் குறுக்கே இணைத்துத் தேங்கிய மின்னூட்டம் வடியவிடுங்கள். அதன் பிறகு 4 கெல்வின்வரை தாராளமாக இறங்கலாம்.

நம் ஊர்க்காரர்கள் இங்கே கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். குரோமியம் ஆக்சைடின் நீல் வெப்பநிலை 307 கெல்வின், அதாவது 34 டிகிரி செல்சியஸ். குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் பதப்படுத்திய படிகம் இழுப்பறையில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். கோலாலம்பூரில் மதிய நேரத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையின் வெப்பம் அந்த 34-ஐத் தொட்டுவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ 50 டிகிரியையும் தாண்டும். இங்கே பதப்படுத்திய படிகத்தை எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் பினாங்குக்கு அனுப்பினால், சாமான் அறையிலேயே அது களங்களை மறந்துவிட்டிருக்கும். போய்ச் சேர்ந்த படிகத்தில் சிக்னல் இல்லை என்று தொலைபேசி வந்தால் படிகத்தைக் குறை சொல்ல வேண்டாம். பதப்படுத்துவதை எப்போதும் அளக்கும் கிரையோஸ்டாட்டுக்குள்ளேயே செய்து, வெளியே எடுக்காமல் அளந்துவிடுங்கள்.

பதப்படுத்தும்போதே ஓர் அருமையான சோதனையும் கைக்கு வருகிறது. மின்புலத்தை மட்டும் திருப்பிப் பதப்படுத்தினால் கெழுவின் குறி மாற வேண்டும். காந்தப்புலத்தை மட்டும் திருப்பினாலும் மாற வேண்டும். இரண்டையும் திருப்பினால் மாறக் கூடாது. படிகத்தில் சிக்கிக்கொண்ட மின்னூட்டத்துக்குப் பதப்படுத்திய மின்புலத்தின் குறி மட்டும்தான் தெரியும். தூண்டலுக்கு இரண்டுமே தெரியாது. பெருக்கலின் குறியை அறிந்து நடப்பது நேரியல் காந்தமின் விளைவு ஒன்றே. நான்கு சேர்க்கைகளையும் அளந்து ஒரே படத்தில் வரைந்தால் எந்த ஆய்வாளரும் மறுப்புச் சொல்ல மாட்டார். ஒரு வாரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் செய்யாமல் விடாதீர்கள்.

குளிர்விக்கக் குளிர்விக்கச் சிக்னல் தேய்ந்து, பூஜ்ஜியமாகி, குறி மாறிவிடுகிறது

இது பிழை அல்ல. குரோமியம் ஆக்சைடின் முக்கிய அச்சுவழிக் கெழு 100 கெல்வினுக்குச் சற்றுக் கீழே பூஜ்ஜியத்தைக் கடந்து எதிர்க்குறிக்குப் போவது அதன் இயல்பு. லாக்-இன் கட்டம் புரண்டுவிட்டது என்று எண்ணி யாரும் திருத்தப் போக வேண்டாம்.

இதே வகையில், டெர்பியம் மாங்கனைட்டில் 'சி' அச்சில் இருந்த முனைவாக்கம் 'பி' அச்சில் 5 டெஸ்லா அளவுக்குப் புலம் கொடுத்ததும் காணாமல் போனால் பதற வேண்டாம். அது அழியவில்லை, 'ஏ' அச்சுக்குத் திரும்பிவிட்டது. 2003-இல் கிமுராவும் அவர் குழுவினரும் வெளியிட்டு இந்தத் துறையையே எழுப்பிவிட்ட செய்தி இதுதான். 'ஏ' அச்சுக்குச் செங்குத்தாக வெட்டிய இன்னொரு தகடு இருந்தால் போனது எங்கே என்று பார்க்கலாம்.

தொடக்கத்திலிருந்தே 'சி' அச்சில் ஒன்றும் வரவில்லை என்றால் அச்சின் பெயரைச் சந்தேகியுங்கள். இதே படிகத்தை இரண்டு விதமாக அச்சுப் பெயரிட்டு எழுதுகிறார்கள். ஒரு மரபில் 'சி' என்பது மற்றதில் 'பி'. அலகுக்கூட்டின் நீளங்கள் 5.3, 5.9, 7.4 ஆங்ஸ்ட்ராம். முனைவாக்கம் பிறப்பது 7.4 ஆங்ஸ்ட்ராம் உள்ள நீண்ட அச்சில். படிகம் கொடுத்தவரிடம் எழுத்தைக் கேட்காமல் நீளத்தைக் கேளுங்கள்.

சூடாக்கும்போது வரும் மின்னோட்ட உச்சி ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது

டெர்பியம் மாங்கனைட் 41 கெல்வின் அருகே காந்த ஒழுங்கு பெற்று, 28 கெல்வின் அருகே ஃபெர்ரோ மின்தன்மை (புலம் இல்லாமலே நிற்கும், மின்புலத்தால் திருப்பக்கூடிய முனைவாக்கம்) பெறுகிறது. மின்புலத்தில் குளிர்வித்து, புலத்தை எடுத்து, சூடாக்கிக்கொண்டே மின்னோட்டத்தை அளந்தால் 28 கெல்வினை ஒட்டி உச்சி வர வேண்டும். முன்பு சொன்ன அதே அளவுத் தகட்டில், சதுர மீட்டருக்கு 600 மைக்ரோகூலும் முனைவாக்கம் என்றால் மொத்தம் 2.4 நானோகூலும். நிமிடத்துக்கு 4 கெல்வின் வேகத்தில் பத்திருபது பிகோஆம்பியர் கிடைக்கும். வசதியான அளவு.

ஆனால் உச்சி 28-இல் இல்லாமல் 45-இலோ 60-இலோ அகன்று பரந்து நின்றால், பெரும்பாலும் அது முனைவாக்கம் அல்ல. குளிர்விக்கும்போது கொடுத்த மின்புலத்தால் படிகக் குறைகளில் போய்ச் சிக்கிய மின்னூட்டங்கள், சூடு ஏற ஏற விடுபட்டு வெளியே வருகின்றன. புதிய ஃபெர்ரோ மின்பொருள் என்று அறிவிக்கப்பட்ட சில பொருள்களின் கதை இந்த இடத்தில்தான் முடிந்திருக்கிறது.

முதலில், சூடாக்கும் வேகத்தை மாற்றுங்கள். நிமிடத்துக்கு 2, 4, 8 கெல்வின் என்று மூன்று ஓட்டங்கள் போதும். கட்ட மாற்றத்தின் உச்சி இடம் மாறாது, உயரம் மட்டும் வேகத்துக்கேற்ப மாறும், தொகுத்த மின்னூட்டம் ஒன்றாகவே இருக்கும். சிக்கிய மின்னூட்டத்தின் உச்சி வேகம் கூடக்கூட மேல் வெப்பநிலைக்கு நகர்ந்துவிடும்.

அடுத்து, பதப்படுத்தும் வெப்பநிலை இடைவெளியைச் சுருக்குங்கள். 100 கெல்வினிலிருந்தே மின்புலம் கொடுப்பது வீண் வம்பு. அங்கே மின்னூட்டங்கள் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கும். 35 கெல்வின் வரை சும்மா இறங்கி, அங்கிருந்து 10 கெல்வின் வரை மட்டும் மின்புலம் கொடுங்கள். பிறகு இரு முகங்களையும் குறுக்கே இணைத்து அரை மணி நேரமாவது காத்திருங்கள். மிகச் சிறு மின்னோட்டத்தை அளக்கும் எலக்ட்ரோமீட்டர் அடிமட்டத்துக்கு வந்த பிறகே சூடாக்கத் தொடங்க வேண்டும்.

இன்னும் ஐயம் இருந்தால் எனக்கு மிகவும் பிடித்த முறை இது. மின்புலம் இல்லாமலேயே அடி வெப்பநிலைக்குக் குளிர்வித்து, அங்கே சிறு மின்புலம் கொடுத்து, அதை எடுக்காமலேயே சூடாக்கி அளப்பது. உண்மையான ஃபெர்ரோ மின்பொருளில் முதலில் களங்கள் புலத்தின் பக்கம் திரும்புவதால் ஒரு குறியில் மின்னோட்டம் வரும். மாற்ற வெப்பநிலையில் முனைவாக்கம் அழிவதால் எதிர்க்குறியில் கூர்மையான பள்ளம் வரும். சிக்கிய மின்னூட்டத்தால் இரண்டு குறிகளையும் காட்ட முடியாது. அது ஒரே பக்கம்தான் மேடு போடும்.

காந்தப்புலத்தில் மின்தேக்குத்திறன் மாறுகிறது. ஆகவே காந்தமின் இணைப்பு இருக்கிறது என்கிறார்கள்

அவசரப்பட வேண்டாம். படிகத்தின் மின்தடை காந்தப்புலத்தில் மாறினாலே, மின்முனை ஓரத்திலும் மணி எல்லைகளிலும் உள்ள மின்தடை அடுக்குகளின் வழியாக அளந்த மின்தேக்குத்திறன் மாறிவிடும். காந்தமின் இணைப்பே இல்லாமல் இது நடக்கும் என்பதை 2006-இல் கத்தலான் தெளிவாகக் காட்டிவிட்டார். இழப்புக் கெழுவை, அதாவது மின்தேக்கியில் வெப்பமாக வீணாகும் பங்கைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து மாறினால், அல்லது அதிர்வெண்ணைக் கூட்டியதும் விளைவு மறைந்துபோனால் மின்தடைதான் காரணம். குறை வெப்பநிலையில் படிகம் நல்ல மின்காப்பியாகிவிட்ட பிறகும், உயர் அதிர்வெண்ணிலும், இழப்பு மிகச் சிறிதாக இருக்கையில் மாற்றம் நிலைத்து நின்றால்தான் பேச வேண்டும்.

பகலில் ஒழுங்காக இருந்த எலக்ட்ரோமீட்டர் மாலையானால் ஓடத் தொடங்குகிறது

இது நம் ஊருக்கே உரிய அறிகுறி. வெளிநாட்டுக் கையேடுகளில் தேடினால் கிடைக்காது. கோலாலம்பூர்க் காற்றில் உள்ள ஈரம் 23, 24 டிகிரி அளவிலேயே பனியாகப் படியத் தொடங்கும். ஆய்வுக்கூடம் 20 டிகிரியில் இருக்கிறது என்றால், அங்குள்ள ஒவ்வோர் உலோகப் பரப்பும் வெளிக்காற்றுக்குக் குளிர்ந்த பாத்திரம்தான். மாலை ஆறு மணிக்குக் கட்டடத்தின் மையக் குளிர்சாதனம் நின்று, கதவு திறந்து வெளிக்காற்று நுழையும்போது இணைப்பிகளின் மின்காப்பு வளையங்களில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. டெஃப்ளான் எவ்வளவு நல்ல மின்காப்பியாக இருந்தாலும் அதன் மேற்பரப்பு நனைந்துவிட்டால் பிகோஆம்பியர் அளவீடு முடிந்தது.

கேபிளைப் படிகத்திலிருந்து கழற்றிவிட்டு, 10 வோல்ட் கொடுத்துக் கசிவை அளந்து பாருங்கள். படிகம் இல்லாமலே கசிந்தால் குற்றம் இணைப்பியில். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, வெறும் விரல் படாமல் உலர்த்தி மாட்டுங்கள். விரல் ரேகையில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூவச்சுக் கேபிளின் நடு உறையைக் காப்பு மின்னழுத்தத்தில் (உள்கம்பியின் அதே மின்னழுத்தத்தில்) வைத்தால் எஞ்சிய கசிவும் அளவீட்டில் சேராது. இரவு ஓட்டங்களுக்கு அறையில் தனி ஈரநீக்கி வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

படிகத்தை வெளியே எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை. அளவீட்டுத் தண்டு 290 கெல்வினில் இருக்கிறது என்று நம்பி வெளியே இழுத்தால் அது 17 டிகிரி, உடனே வியர்க்கும். 305 கெல்வின் வரை சூடாக்கிவிட்டு எடுங்கள். அழுத்திச் சுட்ட வில்லைகள் இன்னும் மோசம், துளைகளுக்குள் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 200-க்கும் 273 கெல்வினுக்கும் இடையே வில்லையின் மின்கடவாப் பண்பில் பெரிய மேடு தெரிந்தால் அது பெரும்பாலும் நீர். அடுப்பில் 110 டிகிரியில் உலர்த்தி, வெற்றிடத்தில் சில மணி நேரம் வைத்த பின் மேடு மறைகிறதா என்று பாருங்கள். வேலை முடிந்த படிகங்களை வைக்கப் புகைப்படக்காரர்கள் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வாங்கும் உலர்பெட்டியே போதும். கோலாலம்பூரில் எந்தக் கேமரா கடையிலும் கிடைக்கும்.

50 கெல்வின் அருகே காந்தமாக்கத்தில் சிறு மேடு வந்தால், ஈரமல்ல, காற்றுக் கசிவு. ஆக்சிஜன் 54 கெல்வினில் உறைகிறது, 44-இலும் 24-இலும் மறுபடி நிலை மாறுகிறது, காந்தத்தன்மையும் உடையது. மாதிரி அறையை மூன்று நான்கு முறை ஹீலியம் நிரப்பி உறிஞ்சி வெளியேற்றினால் தீர்ந்துவிடும்.

சீரான துடிப்பு அல்லது பட்டையான இரைச்சல்

விநாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை துடித்தால் மூடிய சுற்றுக் குளிர்விப்பானின் அடி. கேபிள் அதிர்ந்து உள்ளே உராய்ந்து மின்னூட்டம் எழுப்புகிறது. கிராஃபைட் பூசிய குறையிரைச்சல் கேபிளை வாங்கி, அதைத் தண்டோடு பல இடங்களில் கட்டுங்கள். பம்பின் குழாயை மணல் பெட்டி வழியே கொண்டுபோங்கள்.

பட்டையான இரைச்சல் என்றால் மின்வழங்கல். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் பயன்படுத்திய பழைய கருவியை வாங்கியிருந்தால் அது 60 ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டிருக்கலாம். அது ஒவ்வொரு வாசிப்பையும் 16.7 மில்லிவிநாடி தொகுக்கும், நமக்கு வேண்டியது 20. இந்த ஓர் அமைப்பை மாற்றியதும் இரைச்சல் அடங்குவதைப் பார்க்கலாம். லாக்-இன் அதிர்வெண்ணும் 50-இன் மடங்காக இருக்கக் கூடாது. மேலே 1000 ஹெர்ட்ஸ் என்று எடுத்தது கணக்கு எளிதாக இருக்கத்தான்.

புலம் ஏறினாலும் இறங்கினாலும் மின்னோட்டத்துக்கு ஒரே குறி

காந்தமின் மின்னோட்டம் புலம் ஏறும்போது ஒரு குறியிலும் இறங்கும்போது எதிர்க்குறியிலும் இருக்கும். இரண்டிலும் ஒரே குறி என்றால் படிகம் சூடாகிறது. மாறும் புலம் செம்புத் தாங்கியில் எழுப்பும் சுழல் மின்னோட்டத்தின் வெப்பம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பதில்லை. அந்தச் சூட்டில் ஃபெர்ரோ மின்பொருள் தன் முனைவாக்கத்தில் கொஞ்சத்தை விடுகிறது, அதைத்தான் அளக்கிறீர்கள். புல வேகத்தைப் பாதியாக்கினால் இந்தப் பங்கு கால்வாசியாகும்.

இதைவிடத் தந்திரமானது காந்தவெப்ப விளைவு. டெர்பியம், டிஸ்புரோசியம் போன்ற அருமண் அயனிகள் உள்ள படிகங்கள் சில கெல்வின் வெப்பநிலையில் புலம் ஏறும்போது சூடாகி, இறங்கும்போது குளிர்கின்றன. ஆகவே இதன் மின்னோட்டமும் ஏறும்போதும் இறங்கும்போதும் குறி மாற்றிக்கொண்டு உண்மையானதைப் போலவே நிற்கும். எதிர்ப்புலத்துக்குப் போய்ப் பாருங்கள். பூஜ்ஜியத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரே குறி வந்தால் நேரியல் விளைவு அல்ல. புலத்தின் இருபடியில் செல்லும் காந்தமின் விளைவும் இப்படியே நடக்கும் என்பதால், தொகுத்த மின்னூட்டத்தையும் ஒப்பிட வேண்டும். மிக மெதுவாக ஏற்றினாலும் அதே மின்னூட்டம் வந்தால் அது முனைவாக்கம். வேகத்தைக் குறைக்கக் குறைக்கச் சிறுத்துப்போனால் அது வெப்பம்.

திடீரென்று ஒரு குதிப்பு; அதன் பிறகு எதுவும் பழையபடி இல்லை

மின்தேக்குத்திறனை அளந்து, குளிர்விக்கும் முன் குறித்து வைத்ததோடு ஒப்பிடுங்கள். பாதியாகிவிட்டிருந்தால் வெள்ளிப் பசை படிகத்திலிருந்து உரிந்திருக்கிறது. முதலில் மெல்லிய தங்கப் படலம் படியவைத்து அதன் மேல் பசை வைத்தால் இது குறையும். மின்தேக்குத்திறன் மாறவில்லை, ஆனால் சிக்னல் மாறிவிட்டது என்றால் படிகமே திரும்பியிருக்கும். குறை வெப்பநிலையில் டெர்பியம் படிகங்களின் காந்தமாக்கம் திசைக்குத் திசை பெரிதும் வேறுபடுவதால், பல டெஸ்லாவில் முறுக்குவிசை பசையைப் பிய்த்தெறியும் அளவுக்கு எழும். கெட்டியாக ஒட்ட வேண்டும். ஆனால் முழுப் பரப்பையும் ஒட்டினால் சுருங்கும்போது தகைவு ஏறிப் படிகத்தில் விரிசல் விழும். ஒரு விளிம்பில் மட்டும் ஒட்டி, எதிர் விளிம்பைத் தளர்வாகத் தாங்கவிடுவதே நான் பரிந்துரைப்பது.

எல்லாம் சரி, எண் மட்டும் நூல்களோடு ஒத்துப்போகவில்லை

1.4 மடங்கு வேறுபட்டால், புலத்தை உச்ச மதிப்பிலும் சிக்னலைச் சராசரி இருபடி மூல மதிப்பிலும் எழுதியிருக்கிறீர்கள். லாக்-இன் தருவது இரண்டாவது. 12.6 மடங்கு என்றால் அது நான்கு பை, பழைய கட்டுரைகளின் காஸ் அலகு. மீட்டருக்கு 4 பிகோவிநாடியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் 0.0012 என்ற வெறும் எண் வரும். அதை நான்கு பையால் வகுத்தால் கிடைக்கும் ஏறக்குறைய 0.0001 தான் அந்தக் கட்டுரைகள் குரோமியம் ஆக்சைடுக்குத் தரும் மதிப்பு. இரண்டுக்கும் பொருந்தாமல் இரண்டு, மூன்று மடங்கு குறைவாகவே நின்றால் அலகில் பிழை இல்லை, களங்கள் இன்னும் கலந்திருக்கின்றன. 320 கெல்வினுக்குத் திரும்பப் போய், மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கிப் பதப்படுத்துங்கள். கெழு மேலும் உயராமல் நிற்கும் வரை இதைத் தொடர வேண்டும்.